சொல்ல மாட்டேன் என்று சொன்ன பிறகு

லோஸ்டாஃப்ட்
நவம்பர், ஞாயிறு பகல்

அன்பு மகள் டாம்சினுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நாய்க்கு மட்டும் இடது காதில் மறுபடி சீழ் வைத்துவிட்டது, காலையும் மாலையும் சொட்டு மருந்து விடுகிறோம், என்னைக் கடிக்கப் பார்க்கிறது, அப்பாவிடம் சமத்தாகக் காதைக் காட்டுகிறது. நீ அங்கே சுகமா என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும். நீ வெளிநாட்டுக்குப் போனதிலிருந்து எத்தனையோ கடிதங்களில் யோசிக்காமல் கேட்ட கேள்விதான். இன்றைக்கு அதை எழுதப் போனால் பயமாக இருக்கிறது, ஏனென்றால் போன ஞாயிறு நீ போனில் சொன்னதற்குப் பிறகு அது பதில் வேண்டிய கேள்வியாகிவிட்டது. இந்தக் கடிதம் வீட்டுக்கு வராமல் நீ வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பதைப் பார்த்ததுமே உனக்குக் காரணம் புரிந்திருக்கும். உன்னோடு குடியிருக்கும் கிரான்ட் உன் போனையும் திறந்து பார்ப்பான் என்று நீயே சொன்னாய், அதனால் போனில் எதையும் எழுதி அனுப்பவில்லை. யாரும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி. நீ சொன்னதையும், 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா' என்று கேட்டதையும், நான் 'சொல்ல மாட்டேன்' என்றதையும் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் இதைச் சொல்ல முடியும்.

எங்கள் பத்திரிகை அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசும் கடை வந்திருக்கிறது. என் மேசை இருந்த ஜன்னலோரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து விரல்களை நீட்டிக்கொண்டிருப்பதை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இந்த வயதில் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாமா என்று நான் கேட்டபோது நீதான், 'போடும்மா, நீ யாரை வேணாலும் பேச வச்சிடுவியே' என்றாய். அதை நம்பித்தான் பயிற்சிக்கு ஆலோசனை சொல்கிறவரிடம் பேசினேன். அவர் மனுவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள் என்றார். 'பாதிப் பேரு புதன்கிழமையோட காணாமப் போயிடுவாங்க, அதுக்குத்தான் இந்த ஏற்பாடே' என்று சிரித்தார். பாலத்துக்குத் தென்கரையில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது உன் அப்பா, 'கோர்ட்டுல எத்தனை கொலைகாரனைப் பார்த்தவ நீ, பன்னிரண்டு வயசுப் பசங்களுக்குப் போயி நடுங்குறியே' என்றார். கொலைகாரனுக்கு இரண்டு பக்கமும் போலீஸ் நிற்கும் என்றேன்.

போனவுடன் என்னை உட்காரவைத்துப் பேசியவர் மிஸஸ் தர்ட்டில். குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர், கணக்கு டீச்சரும் கூட. உயரமான பெண்மணி, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார். சிவப்புக் கயிற்றில் தொங்கும் ஓர் அட்டையை என் கழுத்தில் மாட்டச் சொன்னார். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நீலம், வந்து போகிறவர்களுக்குச் சிவப்பு. சிவப்புப் போட்டவர்கள் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அப்புறம் ஒன்று, அதை மட்டும் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். 'ஒரு பிள்ளை உங்ககிட்ட வந்து, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு ஆரம்பிச்சா, சரின்னு சொல்லிடாதீங்க மிஸஸ் அட்டிங். என்ன வந்தாலும் அந்த ஒரு வாக்கைக் குடுத்துடாதீங்க. பாதுகாப்பு விஷயமா இருந்தா நான் சொல்லியே ஆகணும்னு முதல்லயே சொல்லிடுங்க. அப்புறமும் அந்தப் பிள்ளை சொன்னா காது குடுத்துக் கேளுங்க, கேட்ட கையோட என்கிட்ட வாங்க.' நான் தலையாட்டினேன். குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்தேன். எழுதியது கையோடு நின்றுவிட்டது, வாய் வரைக்கும் வரவில்லை என்பது வியாழக்கிழமைதான் தெரிந்தது.

என்னை எட்டாம் வகுப்பில் மிஸ் கேச்போலிடம் விட்டார்கள். உன்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவளாக இருப்பாள். ஓயாமல் தண்ணீர் குடிப்பாள், கோபம் வந்தால் குரலை ஏற்றாமல் இறக்குவாள், அவள் குரல் இறங்கினால் வகுப்பே அடங்குகிறது. முதல் நாள் வருகைப் பதிவை என்னைப் படிக்கச் சொன்னாள். முப்பது முகம், டாம்சின். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் பெயர்களைக் கடகடவென்று படித்து முடித்தேன். மேசன் என்று ஒரு பையன், முன்வரிசை, முகமெல்லாம் புள்ளி. 'மிஸ், சிவப்புக் கயிறுன்னா உங்களை நம்பக் கூடாதுன்னுதானே அர்த்தம்?' என்றான். ஆமாம் என்றேன். 'எங்க மாமாவுக்கும் இங்க சிவப்புதான் குடுத்தாங்க, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு' என்றான். நான் நிருபராக இருந்தேன் என்று மிஸ் கேச்போல் சொன்னதும், டிவியில் வந்திருக்கிறேனா என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். இல்லை என்றதும், 'அப்ப அது என்ன நிருபரு' என்று மேசன் வருத்தப்பட்டான். அவர்கள் சிரித்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. புதன்கிழமை காணாமல் போக மாட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அந்த வகுப்பில் ஷெல்பி என்று ஒரு பெண். ஒல்லி, முடியை இழுத்துக் கட்டியிருப்பாள், காலுறை ஈரமாக இருக்கும். செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கிப் பாதியில் வந்தாள். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, 'பாலம் தூக்கிட்டாங்க மிஸ்' என்றாள். கப்பலுக்கு வழிவிடப் பாலத்தைத் தூக்குகிற இந்த ஊரில் அதை யார் மறுப்பது? நீயும் உன் பள்ளிக்கூட நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பாய், உன் அப்பா அந்தப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலைக்குப் போவதற்கு முன்னால்வரைக்கும். வகுப்பு கொல்லென்று சிரித்தது, மிஸ் கேச்போல் குறித்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டில் நான் அதை வேடிக்கையாக அப்பாவிடம் சொன்னேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். 'இன்னிக்குக் காலையில நான் தூக்கவே இல்லையே. பள்ளிக்கூடம் போற நேரத்துல சின்னப் படகுக்கெல்லாம் தூக்க மாட்டோம். பெரிய கப்பலும் எதுவும் வரலை' என்றார். அவருக்கு நிஜமாகவே கோபம். 'ஊரு பூரா அவனவன் சோம்பலுக்கு என் பாலத்து மேல பழி' என்றார். புதன்கிழமையும் ஷெல்பி தாமதம், புதன்கிழமையும் பாலம், புதன்கிழமையும் அப்பா தூக்கவில்லை. அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில், தட்டிலிருந்த கோழித் துண்டுகளில் பாதியைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். நான் பார்த்தேன். அப்போதே எழுந்து போய் மிஸஸ் தர்ட்டிலிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, இன்னும் ஓர் ஆதாரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். எங்கள் தொழிலில் ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் அச்சுக்கு அனுப்ப மாட்டோம். பள்ளிக்கூடத்தில் வழக்கம் நேர் எதிர் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள், அங்கே சந்தேகம் வந்தாலே போதும், அதைச் சரிபார்ப்பது மற்றவர்களின் வேலை.

வியாழக்கிழமை இடைவேளை மணி அடித்ததும் தாழ்வாரத்தில் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், மிஸ் கேச்போல் விலக்கிவிட ஓடினாள். வகுப்பு காலி. ஷெல்பி மட்டும் தன் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருக்கிறது, டீச்சரின் குரல் வெளியே கேட்கிறது, ஆகவே நான் தனியாக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் பக்கத்தில் போய்க் குனிந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்து, சிரித்துக்கொண்டே, 'ஷெல்பி, அந்தப் பாலத்தைத் தூக்கறது யாரு தெரியுமா? என் வீட்டுக்காரர்தான்' என்றேன். மிரட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் சாட்சிகளைப் பேசவைக்க நான் உபயோகிக்கும் குரல் அது, அதை நான் மறைக்கப் போவதில்லை. அவள் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். 'சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல மிஸ்?' என்றாள். 'சொல்ல மாட்டேன்' என்றேன். யோசிக்கவில்லை, டாம்சின். தும்மினால் வாயைப் பொத்துகிற மாதிரி, தானாக வந்தது. கோர்ட்டுக்கு வெளியிலும் மதுக்கடை மூலைகளிலும் எத்தனையோ பேருக்கு அதே இரண்டு வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன், ஒருமுறைகூட மீறியதில்லை, அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

அவள் சொல்லிவிட்டாள். அம்மா சனிக்கிழமை யாரோ ஓர் ஆளோடு வெளியே போனாள், இன்னும் வரவில்லை. போனை எடுப்பதில்லை. வீட்டில் ரெஜி என்று தம்பி, நாலு வயது. நர்சரிக்குக் கூட்டிப் போனால் அம்மா எங்கே என்று கேட்பார்களாம், அதனால் அவனை ஃபிளாட்டில் வைத்து வெளியே பூட்டிவிட்டு வருகிறாள். அவன் அழுகையை நிறுத்தினால்தான் கிளம்ப முடியும், அதனால்தான் தாமதம். பெரிய மனுஷி மாதிரி எனக்குத் தைரியம் சொன்னாள். 'அவன் சமத்து மிஸ். கார்ன்ஃபிளேக்ஸ் வச்சுட்டு வந்திருக்கேன். குளிரும்னு ஹீட்டரையும் போட்டுட்டுத்தான் வந்தேன். துணியெல்லாம் காயணும்ல, அதும் மேல போட்டிருக்கேன். அவன் தொட மாட்டான்.' ஈரத் துணி, மின்சார ஹீட்டர், வெளியே பூட்டிய கதவு, உள்ளே நாலு வயதுப் பிள்ளை. இப்படி ஒரு வழக்கை நான் எழுதியிருக்கிறேன். அதில் முடிவு வேறு, அதை உனக்கு எழுத மாட்டேன். 'ஷெல்பி, இதை நான் சொல்லித்தான் ஆகணும், இப்பவே' என்றேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. 'சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க' என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். 'இப்பதானே சொன்னீங்க' என்றாள். பென்சில்களைப் பையில் போட்டுக்கொண்டு, நான் எடுத்துக் கொடுத்ததை மட்டும் மேசையில் விட்டுவிட்டு, தாழ்வாரத்தில் நின்ற மிஸ் கேச்போலிடம் நடந்து போனாள்.

மிஸஸ் தர்ட்டிலின் அறைக்கு ஓடினேன், இந்த முழங்காலோடு. நான் சொல்லச் சொல்லவே அவர் விலாசத்தைத் தேடி எடுத்தார், போலீசுக்குப் பேசினார், தன் பச்சைக் காரின் சாவியை எடுத்தார். பிறகு நின்று, 'நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?' என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். என்னைப் பார்த்தார், கிளம்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஷெல்பியின் வீடு வடகரையில், பள்ளிக்கூடமும் போலீஸ் வண்டியும் தென்கரையில், காலையில் கிளம்பும்போது உன் அப்பா கடலுக்குள் நிற்கும் காற்றாலைக்குச் சாமான் ஏற்றிப் போகும் கப்பல் ஒன்று பகலில் வருகிறது என்று சொல்லியிருந்தார். அவருடைய கட்டுப்பாட்டு அறைக்கு போன் போட்டேன். வேலை நேரத்தில் நான் அங்கே பேசினதே கிடையாது. 'டென்னிஸ், ஒரு போலீஸ் வண்டியும் ஒரு பச்சைக் காரும் வருது. அதுங்க தாண்டற வரைக்கும் பாலத்தைத் தூக்காதே' என்றேன். 'கப்பல் பாலத்து வாசல்ல நிக்குது' என்றார். நான் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். 'சரி, நிக்கட்டும்' என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அதற்குள் வயர்லெஸ்ஸில் அந்தக் கப்பல் தலைவனிடம் பாலத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் போனிலேயே கேட்டது. 'என்னய்யா பாலம் நடத்துறீங்க, இதுக்கு ரெண்டு பலகையைப் போட்டு வச்சிருக்கலாம்' என்று அந்த ஆள் வைது தீர்த்தான். உன் அப்பா, 'ஆமாங்க, தப்புதாங்க, கொஞ்சம் பொறுங்க' என்று வாங்கிக்கொண்டார். பாலத்தைப் பற்றி யார் ஒரு சொல் சொன்னாலும் பொறுக்காத மனுஷன்.

வரவேற்பு அறையில் காத்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மிஸ் கேச்போலோடு ஷெல்பி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போக எனக்கு அனுமதி இல்லை, கழுத்தில் சிவப்பு. ஒருமுறைகூட அவள் என் பக்கம் திரும்பவில்லை. போன் வந்தபோது வரவேற்பிலிருந்த பெண் கேட்டு, 'கதவைத் தட்டுறாங்களாம், உள்ளேயிருந்து சத்தமே இல்லையாம்' என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அதற்கும் அடுத்த போனுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எதையும் கடிகாரம் பார்த்துக் குறித்து வைக்கிற நான், அன்று பார்க்கவில்லை. பூட்டை உடைத்துப் போனார்களாம். ரெஜி சோபாவுக்குப் பின்னால் கோட்டுகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தானாம். சுகமாக இருக்கிறான். ஹீட்டர் மேல் கிடந்த ஒரு காலுறை பழுப்பாகக் கருகி, அறையெல்லாம் நாற்றமாம். ஷெல்பியிடம் அதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

இப்போது இரண்டு பேரையும் பெக்கில்ஸில் ஒரு சித்தி வீட்டில் வைத்திருக்கிறார்களாம். சேர்ந்துதான் இருக்கிறார்கள். எத்தனை நாளுக்கு, அம்மா என்ன ஆனாள், இதெல்லாம் என்னிடம் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. வெள்ளிக்கிழமை சிவப்புக் கயிற்றைக் கழற்றி மிஸஸ் தர்ட்டிலின் மேசையில் வைத்து, நான் இனி வர வேண்டாம்தானே என்றேன். அவர் அதை என் பக்கம் தள்ளினார். 'அடுத்த வாரமும் வாங்க, நான் பேசிட்டேன். திங்கட்கிழமை அவளும் வர்றா. நீங்க வரலைன்னா, சொல்லிட்டு ஓடிப்போயிட்டாங்கன்னு நினைச்சுக்குவா. நீங்க சொன்னது தப்பில்லை. சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் தப்பு. அதை அவகிட்ட நீங்களே ஒத்துக்கணும், மிஸ் கேச்போல் பக்கத்துல இருக்கும்போது' என்றார். நாளைக்குத் திங்கள். பயிற்சிக்கான மனு பாதி எழுதியபடி கிடக்கிறது. முப்பது முகத்துக்குப் பயந்தவள் இப்போது ஒரு முகத்துக்குப் பயப்படுகிறேன், அந்த ஒன்று மிகவும் பெரிதாக இருக்கிறது.

இனி உன் விஷயம். போன ஞாயிறு நீ பேசிக்கொண்டிருந்தபோது, கடலில் தவிப்பவர்களை மீட்கும் படகுக்காரர்களிடம் வாங்கி நான் அனுப்பிய காலண்டரைப் படுக்கையறைக் கதவில் மாட்டியிருப்பதாகச் சொன்னாய். நான், கதவுல யாராவது காலண்டர் மாட்டுவாங்களா, ஆணி கூட நிக்காதே என்றேன். சும்மா கேட்டதுதான். நீ சிரித்தாய், பிறகு சிரிப்பு நின்றது, பிறகு கிரான்ட் கதவைக் குத்தி ஓட்டை போட்டதையும் அதை மறைக்கத்தான் காலண்டரை ஒட்டியதையும் சொன்னாய். 'என்னை ஒண்ணும் பண்ணலைம்மா, கதவைத்தான். ஒரே தடவைதான்' என்றாய். அப்பாவிடம் சொல்லாதே என்றாய். சொல்ல மாட்டேன் என்றேன். அதே குரல், அதே இரண்டு வார்த்தை. அடுத்த நாள் மிஸஸ் தர்ட்டில் என் கண்ணைப் பார்த்து அதைச் சொன்னபோதுகூட உன் ஞாபகம் வரவில்லை. ஷெல்பி 'இப்பதானே சொன்னீங்க' என்றபோதுதான் வந்தது. 'ஒரே தடவைதான்' என்பதை நான் கோர்ட்டில் எத்தனை பெண்கள் வாயால் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. கதவைத்தான் என்றும் சொல்வார்கள். சுவரைத்தான், தட்டைத்தான், நாயைத்தான். நான் எழுதியெடுத்து, பெயரைச் சரிபார்த்து, அச்சுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து உனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், முறை அதுதான், அதிலும் தவறினேன். ஆனால் ஏன் என்று கேட்காமல் கப்பலை நிறுத்திவைத்த மனுஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை மறைக்க என்னால் முடியவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல் தென்கடற்கரையில் காரை நிறுத்தி, மடியில் மீனும் சிப்ஸும். நான் சொல்லி முடித்தேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடியெல்லாம் வினிகர் ஆவி படிந்துவிட்டது. கத்துவார் என்று நினைத்தேன், கிரான்டைக் கொல்லுவேன் என்பார் என்று நினைத்தேன். அவர், 'ஓட்டை எந்த உயரத்துல இருக்கு?' என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவள், அதைக் கேட்கவில்லை. அவர், 'காலண்டரைக் கண்ணுக்கு நேராத்தான் மாட்டுவாங்க. ஓட்டை வேற உயரத்துல இருந்தா வேற எதையாவது வச்சு மறைச்சிருப்பா. அப்ப அவ முகத்துக்கு நேரா' என்றார். பிறகு கதவைத் திறந்து இறங்கிப் போய், பொட்டலத்தோடு எல்லாவற்றையும் கடற்பறவைகளுக்குக் கொட்டிவிட்டு வந்தார். அந்தப் பறவைகளை அவர் என்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறித் தன் பாஸ்போர்ட்டை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தார். அது அங்கேயே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கோபப்படு, அதற்கு உனக்கு எல்லா நியாயமும் உண்டு. நீ என்னிடம் இனி எதையும் சொல்லாமல் போய்விடுவாயோ என்பதுதான் என் பெரிய பயம், இந்த உறையை ஒட்டும் வரைக்கும் அந்தப் பயம் போகாது. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் நீ இருந்து, நான் வாக்குத் தவறாதவளாக இங்கே உட்கார்ந்திருப்பது எனக்கு வேண்டாம். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வந்தால் முதலில் உன்னிடம் சொல்வேன். இனிமேல் நான் யாருக்கும் கொடுக்கக்கூடிய வாக்கு அவ்வளவுதான், நாளைக்கு ஷெல்பியிடமும் அதைத்தான் சொல்லப் போகிறேன். உனக்கு ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளை வரும் நேரம் பார்த்து அங்கேயே போன் செய்வேன், அந்த ஓட்டையின் உயரத்தை மட்டும் சொல், மற்றதை நீ விரும்பும்போது சொல். வீட்டிலிருந்து நீ எங்களைக் கூப்பிட்டு, அவன் பக்கத்தில் இருந்து பேச முடியாமல் போனால், நாயின் வலது காது எப்படி இருக்கிறது என்று கேள். வலது காதுக்கு ஒன்றும் இல்லை. அப்பாவுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டையும் கார் சாவியையும் உன் கைப்பையிலேயே வைத்துக்கொள், பையை ஆஸ்பத்திரி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாலும் சரி. ராத்திரி சரியாகச் சாப்பிடு. குளித்துவிட்டு ஈரத் தலையோடு படுக்காதே, உனக்கு உடனே சளி பிடிக்கும்.

நீ எங்கே இருந்தாலும் உன் மேல் ஒரு கீறல் விழாமல் இருக்க வேண்டும், நல்ல மனிதர்கள் நடுவில் இருக்க வேண்டும், அச்சமில்லாமல் தூங்கி எழ வேண்டும், எங்கள் இருவரின் ஆயுளும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. படகுக்காரர்களின் கடையில் அடுத்த வருஷக் காலண்டர் வந்துவிட்டது, உனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தபாலில் அனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்கொள்.

என்றும் உன்
அம்மா